பலகையை யார் பிடிப்பது?

வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் சரக்கு ரயில் வந்து நிற்கும் நாளில் பார்த்தால், பெட்டிக்குப் பெட்டி புதுக் கார்கள் ஏறிக்கொண்டிருக்கும். சுற்றுவட்டார ஆலைகளில் செய்த வண்டிகள் வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தியவர் இறங்கியதும் அடுத்து நடக்கும் வேலை, வண்டி நகராமல் சக்கரங்களைப் பிணைப்பது. அந்தக் கார் உருவான கூடத்திலும் இதே கதைதான். வெல்டிங் ரோபோ ஒரு தகட்டைத் தொடுவதற்கு முன்பே, காற்றழுத்தத்தில் இயங்கும் கிளாம்புகள் நாலு பக்கமும் அதைக் கவ்வியிருக்கும். கிளாம்ப் மூடிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் ரோபோ கையை நீட்டும். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் கார் ஆலை, 2012-இல் டைம்லர் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து சேர்ந்த பிறகு, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் வித்தை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஐ.டி.ஐ. முடித்த பையனிடம் ஃபிக்சர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆலைகளைச் சுற்றி மரப் பட்டறைகளும் இருக்கின்றன. கப்பலேறும் இயந்திரங்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் பைன் மரத்தில் பெட்டியும் பேலட்டும் அடிப்பவை ஒரு வகை. புதுக் குடியிருப்புகளுக்கு அலமாரி, சமையலறைக் கப்போர்டு செய்து தருபவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில், பலகை அறுக்கும் இயந்திரமான பேனல் சா இல்லாத பட்டறை அபூர்வம். முதல் வகையிலும் பிளைவுட் பெட்டி செய்பவர்களிடம் அது உண்டு. அந்த இயந்திரத்தோடு வந்த கிளாம்ப் எங்கே என்று தேடினால், பெரும்பாலும் சுவரில் ஓர் ஆணியில் தூசி படிந்து தொங்கும். பலகையைப் பிடித்திருப்பது உள்ளங்கை. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “அதை மாட்டிக் கழட்டுற நேரத்துல நாலு பலகை அறுத்துடலாம்ணே.”

இந்தப் பதிலைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அவர் சொல்வது அந்தக் கிளாம்பைப் பற்றிய நேர்மையான மதிப்பீடு. திருகித் திருகி இறுக்க வேண்டிய, இறுக்கினால் கை வளைந்து பலகையைப் பக்கவாட்டில் தள்ளுகிற கிளாம்ப் சுவருக்குத்தான் லாயக்கு. நல்ல கிளாம்ப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விசையியலில் தெளிவான விடைகள் உண்டு. அதற்கு முன், பலகையைப் பிடிக்க எவ்வளவு பலம் தேவை என்று பார்த்துவிடலாம்.

பேனல் சாவின் அடிப்படை எளிது. பிளேடு ஓரிடத்தில் சுழலும். அதன் இடப்புறம் அலுமினிய மேசை ஒன்று உருளைகளின் மீது முன்னும் பின்னும் ஓடும். பலகையை மேசைமீது வைத்து மேசையையே தள்ளினால் வெட்டு நேராக வரும். 1906-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்ட்டன்டார்ஃப் என்ற மரவேலைக்காரர் உருவாக்கிய ஏற்பாடு இது. அதற்கு முன் பலகையை நிலையான மேசைமீது கையால் தேய்த்துத் தள்ள வேண்டியிருந்தது. 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். அவ்வளவு எடையைப் பிளேடுக்கு நேராக இழுத்துத் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று ஒருமுறை செய்தவர்களுக்குத் தெரியும். ஆல்ட்டன்டார்ஃப் பலகையையும் மேசையையும் சேர்த்து நகரச் செய்தார். ஆனால் அந்தச் சேர்க்கை உராய்வை மட்டுமே நம்பியிருக்கிறது. பலகைக்கும் மேசைக்கும் நடுவே பசையோ ஆணியோ கிடையாது.

இப்போது கணக்கு. 300 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் நொடிக்கு 63 மீட்டர். மணிக்குச் சுமார் 225 கி.மீ. மோட்டார் 5 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 3,700 வாட். திறனை வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும்: 59 நியூட்டன். சுமார் 6 கிலோ எடைக்குச் சமம். முழுத் திறனையும் உறிஞ்சி வெட்டினாலும் பிளேடு பலகையைத் தள்ளும் சராசரி விசை இவ்வளவுதான். இதைக் கையால் தாங்க முடியும். ஆயிரக்கணக்கான வெட்டுகள் கிளாம்ப் இல்லாமலே நடந்து முடிவதற்கும், பட்டறைக்காரர் அதைச் சுவரில் மாட்டிவைப்பதற்கும் காரணம் இந்தச் சின்ன எண்தான். அனுபவம் அவரிடம் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மோட்டார் கொடுக்கும் விசை ஒரு கணக்கு. சுழலும் பிளேடு சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் வேறொரு கணக்கு. 2.2 மி.மீ. தடிப்புள்ள 300 மி.மீ. எஃகுத் தட்டின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 4,000 சுற்றில் அதற்குள் தங்கியிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,200 ஜூல். 12 கிலோ அரிசி மூட்டையை மூன்று மாடி உயரத்திலிருந்து போட்டால் தரையில் இறங்கும் ஆற்றல் அது. மோட்டாரின் சுழலியையும் கப்பியையும் சேர்த்தால் இன்னும் கூடும். வெட்டு ஒழுங்காக நடக்கும்வரை இந்தச் சேமிப்பு வெளியே வராது. பிளேடு எங்காவது சிக்கினால், மோட்டாருக்காகக் காத்திருக்காமல் கண நேரத்தில் கொட்டும். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு கிலோ துண்டு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தால்கூட, அந்தத் துண்டு மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் நிற்பவரை நோக்கி வரும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள்.

எங்கே சிக்கும்? பிளேடின் முன்பக்கத்தில் பற்கள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. பலகையை மேசையோடு அமுக்குகின்றன. அந்தப் பக்கத்தில் பிளேடே ஒரு கிளாம்ப் போல நமக்கு உதவுகிறது. பின்பக்கத்தில் அதே பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலே எழும்புகின்றன. வெட்டி முடித்த பாதையின் வழியே சும்மா கடந்துபோக வேண்டியவை அவை. பலகை துளி திரும்பினால் அந்தப் பற்கள் வெட்டின் சுவரைக் கவ்வும், பலகையைத் தூக்கும், தூக்கியதும் பிளேடின் உச்சி அதை ஆள் நிற்கும் பக்கம் எறியும்.

அந்தத் துளி எவ்வளவு என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். மேசைக்கு மேல் 30 மி.மீ. பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும்போது, மேசை மட்டத்தில் அதன் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 180 மி.மீ. தூரம். பல்லின் அகலம் 3.2, தட்டின் தடிப்பு 2.2 என்றால் ஒவ்வொரு பக்கமும் தட்டுக்குக் கிடைக்கும் இடைவெளி அரை மி.மீ. பலகை முன்விளிம்பை மையமாக வைத்து ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு திரும்பினாலே போதும், பின்னால் அந்த அரை மி.மீ. தீர்ந்துவிடும். பற்கள் உரசுவதற்கு அதுவும் தேவையில்லை. கண்ணால் பார்த்து இந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கை உணர்ந்து திருத்துவதற்குள் பிளேடு பல சுற்றுகள் சுற்றியிருக்கும்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்கலாம். 60 பல் பிளேடு 4,000 சுற்றில் நொடிக்கு 4,000 தடவை மரத்தைக் கொத்துகிறது. நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவல் 0.04 மி.மீ. பலகை 0.2 மி.மீ. அலைந்தால் அது ஐந்து சீவல்களின் தடிப்பு. வெட்டு முகத்தில் வரி வரியாகத் தெரியும் தழும்புகளுக்குப் பிளேடைக் குறை சொல்லி, சாணை பிடிக்க அனுப்புவது வழக்கம். பல நேரம் குற்றவாளி பிடிதான்.

ஆக, கிளாம்ப் தடுக்க வேண்டியது 6 கிலோ தள்ளலை அல்ல; நூலிழைத் திருப்பத்தையும் தூக்கலையும். இதற்குப் பலத்தைவிட விறைப்பு முக்கியம். நம் ஊர்த் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்தி, இரு கைகளாலும் கருவியைப் பிடித்துத்தான் தலைமுறைகளாக வேலை செய்தார்கள். அந்தக் கால் அருமையான கிளாம்ப்: நொடியில் மாட்டலாம், நொடியில் எடுக்கலாம், பலகையின் வளைவை உணர்ந்து அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும். கைவாளின் வேகத்துக்கு அது போதும். நொடிக்கு 63 மீட்டருக்குப் போதாது. தசைக்குப் பலம் இருக்கலாம், விறைப்பு கிடையாது. மேலும், பிளேடுக்கு அருகே அழுத்திக்கொண்டிருக்கும் கை, பலகை பறிக்கப்படும்போது அதோடு சேர்ந்தே போகும்.

பொருளை இடம் மாறாமல் பிடிக்கும் ஃபிக்சர்களை வடிவமைப்பவர்களிடம் 3–2–1 என்றொரு விதி உண்டு. ஒரு பொருள் வெளியில் ஆறு வகையாக அசையலாம்: மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி. அடியில் மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று கொடுத்தால் ஆறும் தீர்மானமாகிவிடும். பேனல் சாவில் இது அப்படியே இருக்கிறது. மேசை அந்த மூன்று, பலகையின் விளிம்பு சாயும் ஃபென்ஸ் இரண்டு, ஃபென்ஸில் மடக்கும் ஸ்டாப்பர் ஒன்று. அழகான ஏற்பாடு, ஆனால் இவை எல்லாமே ஒரு பக்கத்துச் சுவர்கள். பலகை மேசைக்குள் இறங்க முடியாது, மேலே எழும்பலாம். ஃபென்ஸைத் தாண்டிப் போக முடியாது, விலகி வரலாம். ஸ்டாப்பர் இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் இருத்தி வைப்பது கிளாம்பின் வேலை. கார் ஆலையில் இதை யாரும் விவாதிப்பதில்லை. இடம் காட்டும் லொகேட்டர் இருக்குமிடத்தில் கிளாம்பும் இருக்கும். மரப் பட்டறைக்கு வரும்போதுதான் விதியின் முதல் பாதியை மட்டும் இயந்திரத்தோடு வாங்கிக்கொண்டு, மறுபாதியை உள்ளங்கையிடம் விட்டுவிடுகிறோம்.

சரி, நல்ல கிளாம்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேசையின் நீளவாக்கில் ஓடும் டி வடிவப் பள்ளத்தில் ஒரு நட்டு நுழையும். அதன்மேல் ஒரு செங்குத்துத் தண்டு. தண்டில் ஏறி இறங்கும் கை. கையின் நுனியில் ரப்பர் அடி. கையை அழுத்த ஒரு லீவர். ஐந்தே உறுப்புகள், ஒவ்வொன்றிலும் மட்டமானதையும் தரமானதையும் பிரித்துச் சொல்லலாம்.

டி-நட்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கிளாம்ப் பலகையை 50 கிலோ விசையில் கீழே அழுத்தினால், நட்டு அதே 50 கிலோவில் பள்ளத்தின் உதடுகளை மேலே இழுக்கிறது. மேலும் கீழும் சமன். இந்த விசை மேசைக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுவதால், மேசையின் உருளைகளுக்கு ஒரு கிராம்கூடக் கூடுதல் சுமை போகாது. கையால் அழுத்தினால் அந்தச் சுமை முழுக்க உருளைகளில் இறங்கும்; தள்ளுவதும் கனக்கும். கிளாம்பின் மறைவான நன்மை இது. ஆனால் உதடுகள் அலுமினியம். சின்ன நட்டு ஒரே இடத்தில் குத்தி இழுத்தால் நாளடைவில் அவை மேலே புடைக்கும். புடைத்த மேசையில் எந்தப் பலகையும் சமமாக உட்காராது. விசையைப் பரப்பும் நீளமான நட்டு தரத்தின் முதல் அடையாளம்.

தண்டில் கை தங்கும் விதம் சுவையானது. பல கிளாம்புகளில் கை தண்டில் தளர்வாகத்தான் கோத்திருக்கும். நுனியில் எதிர்விசை வந்ததும் கை லேசாகச் சாய்ந்து, அதன் துளையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தண்டைக் கவ்வும். அந்த உராய்வே பூட்டு. கை எவ்வளவு நீளம், துளை எவ்வளவு உயரம், உராய்வுக் கெழு என்ன என்ற மூன்றே எண்கள் இதைத் தீர்மானிக்கின்றன. நீளத்தை உராய்வுக் கெழுவால் பெருக்கி இரட்டிப்பாக்கினால் வரும் எண் துளையின் உயரத்தைவிடப் பெரிதாக இருந்தால் வழுக்காது. உயரம் 40 மி.மீ., கெழு 0.15 என்றால் கை 133 மி.மீ.க்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் சரி, விசை இந்தச் சமன்பாட்டிலேயே இல்லை. இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. கூடுதலாக அழுத்தினால் கூடுதலாகப் பூட்டும்.

நீளம் நல்லது என்று கண்டபடி நீட்டவும் முடியாது. ஒரு முனையில் தாங்கிய சட்டம் வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்குப் போகிறது. 200 மி.மீ. கையை 300 ஆக்கினால் அதே விசைக்கு வளைவு சுமார் மூன்றரை மடங்கு. மட்டமான கிளாம்பில் லீவரை அழுத்தும்போது கை மேலே வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வளையும்போது அதன் அடி ஒரு வட்டப்பாதையில் நகர்ந்து, பலகையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிடிப்பதற்காகப் போட்ட கிளாம்பே அளவைக் கெடுக்கிறது. கடையில் சோதிக்க வழி உண்டு: மேசைமேல் பலகையின் விளிம்பை ஒட்டிப் பென்சில் கோடு போட்டு, இறுக்கிப் பாருங்கள். பலகை கோட்டைவிட்டு நகர்ந்தால் வாங்காதீர்கள்.

லீவர் இரண்டு வகை. ஒன்று கேம்: மையம் தள்ளித் துளையிட்ட வட்டு. திருப்பினால் அதன் பெருத்த பக்கம் இறங்கி அழுத்தும். கையை எடுத்த பிறகும் அது தானாகத் திரும்பாமல் இருக்க, மையம் தள்ளிய தூரத்தைப் போல வட்டின் விட்டம் குறைந்தது 14 முதல் 20 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஃபிக்சர் நூல்களில் உள்ள நெறி. இந்த எண் உராய்விலிருந்துதான் வருகிறது. ஆகவே கேமின் முகத்தில் எண்ணெய் விடுவது அதன் பூட்டை நாமே உடைப்பதற்குச் சமம். பிளேடின் அதிர்வில் அது மெல்ல மெல்லக் கழன்றுவிடும். எதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கமுள்ளவர்களைக் கிளாம்புப் பக்கம் விடாமலிருப்பது நல்லது.

மற்றது டாகிள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துத் தகடு அழுத்தும் நிறுவனம் ஒன்று 1930-களில் கார்த் தொழிலுக்காகப் பரப்பியது. இரண்டு இணைப்புகள் முழங்கால் போல் மடங்கி, நேராகும்போது விசை பல மடங்காகும். நேர்க்கோட்டுக்கு 10 டிகிரி இருக்கும்போது ஏறக்குறைய 3 மடங்கு. 5 டிகிரியில் 6 மடங்கு. 1 டிகிரியில் 28 மடங்கு. நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை போனதும் பூட்டிக்கொள்ளும்; பலகை மேலே தள்ளத் தள்ள இன்னும் இறுகும். வெல்டிங் கூடத்துக்கு இது தெய்வம். ஏனென்றால் அங்கே தகட்டின் தடிப்பு மாறுவதில்லை. பேனல் சாவில்தான் சிக்கல். 18 மி.மீ. என்று வாங்கும் பிளைவுட் அரை மி.மீ. கூடக்குறைய இருக்கும், அடுத்த பலகை 12, அதற்கடுத்தது 6. டாகிளின் முழு பலமும் கடைசி ஓரிரு டிகிரியில்தான் கிடைக்கிறது. பலகை கொஞ்சம் மெலிந்தால் பிடி தொளதொளக்கும், கொஞ்சம் தடித்தால் மூடவே மூடாது. ஒவ்வொரு முறையும் நுனிப் போல்ட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒரே அளவில் நூற்றுக்கணக்கான துண்டு வெட்டும் பேலட் வேலைக்கு டாகிள். நாளெல்லாம் வேறு வேறு தடிப்பு வெட்டும் அலமாரிப் பட்டறைக்குத் தண்டில் வழுகும் கேம். என் கணிப்பில், சுவரில் தொங்கும் கிளாம்புகளில் கணிசமானவை வேலை மாறி வாங்கப்பட்டவை.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்? வெட்டு விசை சராசரியைப் போல நான்கு மடங்கு எகிறும் என்று வைத்துக்கொண்டால் 240 நியூட்டன். மேலே ரப்பர் அடியிலும் கீழே மேசையிலுமாக இரண்டு முகங்களில் உராய்வு, கெழு 0.25 என்று குறைவாகவே எடுத்துக்கொள்வோம். சுமார் 480 நியூட்டன், அதாவது 50 கிலோ அழுத்தம் போதும். இதற்கு மேல் முறுக்கினால் பலகையில் தழும்பு விழும். பார்ட்டிகிள் போர்டில் குழியே விழும். ரப்பர் அடி அகலமாகவும் எந்தப் பக்கமும் சாய்ந்து படியும்படியும் இருக்க வேண்டியது இதனால்தான்.

பெட்டி அடிக்கும் பட்டறைகளில் ஒரு வசதி ஏற்கெனவே இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆணி அடிக்கும் துப்பாக்கிக்காகக் கம்ப்ரசர் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டருக்கு 6 பார் காற்று கொடுத்தால் 120 கிலோ அழுத்தம். நமக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு, ரெகுலேட்டரில் குறைத்துக்கொள்ளலாம். கால் மிதி ஒன்று போதும், அரை நொடியில் பிடி, அரை நொடியில் விடுப்பு. தச்சரின் கால் மறுபடியும் கிளாம்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு எச்சரிக்கை. 120 கிலோவுக்கு விரல் எது, பலகை எது என்று தெரியாது. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகள், கிளாம்பின் அடிக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடைவெளி 6 மி.மீ.க்கு மிகாமல் முதலில் கையால் இறக்கிவைக்க வேண்டும், அல்லது முதல் கட்டத்தில் 50 நியூட்டனுக்கு மேல் அழுத்தாமல் தொட்டு, பிறகே முழுவிசை வர வேண்டும் என்கின்றன. அடுத்தது மின்வெட்டு. கம்ப்ரசர் நின்றாலும் பிளேடு உடனே நிற்காது. காற்று திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு கிளாம்ப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அலமாரிப் பட்டறைக்காரருக்கு விரலைவிட மைக்காவைக் காட்டிப் பேசினால் எளிதில் புரியும். பிளேடின் பற்கள் பலகையின் அடிமுகத்தை உடைத்துக்கொண்டு வெளியேறுவதால் மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். அதைத் தடுக்க முன்னால் ஒரு சின்ன ஸ்கோரிங் பிளேடு, வழக்கமாக 120 மி.மீ., எதிர்ப்பக்கமாகச் சுழன்று அடிமுகத்தில் ஓரிரு மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் போடும். பெரிய பிளேடு அந்தக் கீறலுக்குள் இறங்கும். ஸ்கோரிங் பற்கள் பெரும்பாலும் ஆப்பு வடிவம்: உள்ளே போகப் போகக் கீறல் அகலமாகும். பெரிய பிளேடின் வெட்டைவிட ஒரு மயிரிழை அகலமாக வரும்படி ஆழத்தைத் திருகி வைப்பார்கள். இப்போது வளைந்த பலகை ஒன்று அந்த இடத்தில் அரை மி.மீ. எழும்பியிருந்தால்? கீறல் ஆழமும் குறைந்தது, அகலமும் குறைந்தது. பெரிய பிளேடு கீறலைத் தாண்டி வெளியே வெட்டும். அந்த ஓர் இடத்தில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, விளிம்பு எலி கடித்தது போல் இருக்கும். வாடிக்கையாளர் சரியாக அங்கேதான் விரலை வைப்பார். வெட்டுக்கு அருகே ஒரு கிளாம்ப் அழுத்தியிருந்தால் அந்த அரை மி.மீ. எழுந்திருக்காது.

கிளாம்பால் தீராதவையும் உண்டு. ஏற்றுமதிப் பெட்டிக்கான மரத்தை ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி பதப்படுத்த வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருந்து பூச்சிகள் சாக வேண்டும். கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. என்ற எழுத்துகளும் அதற்கான சான்று. மரம் காய்ந்தது என்பதற்கு அது சான்றல்ல. பூச்சி செத்தாலும் ஈரம் தங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஈரமும் உள்இறுக்கமும் உள்ள பைன் பலகையை நீளவாக்கில் அறுத்தால், வெட்டின் இரு பக்கமும் உள்நோக்கி வளைந்து பிளேடை நெரிக்கும். இதற்கு மருந்து பிளேடின் பின்னால் 3 முதல் 8 மி.மீ. இடைவெளியில் நிற்கும் ரைவிங் நைஃப். வெட்டு மூடாமல் காப்பது அதுதான். அதைக் கழற்றிவிட்டு எத்தனை கிளாம்ப் போட்டும் பயனில்லை. வளைந்த பலகையைப் பலவந்தமாகத் தட்டையாக்கிப் பிடிப்பதும் ஆபத்து; வெட்டு முடியும் தறுவாயில் அது பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். குழிந்த முகத்தைக் கீழே வைத்து, இரு விளிம்பும் மேசையில் படியும்படி உட்காரவிட்டு, ஆடாத அளவுக்கு மட்டும் அழுத்துவது பழைய வழக்கம். அதுவே சரி.

இனி கைக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-இல் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முன்னோடியான பிரிவு அது. ஒரு தொழில் நகரத்துக்கு அப்படி ஒரு தனிப் பிரிவு தேவைப்பட்டது என்பதிலேயே விஷயம் இருக்கிறது. இன்று விரல் பட்டதும் சில மில்லிநொடியில் பிளேடை நிறுத்தும் இயந்திரங்கள் உண்டு. கை நெருங்குவதைக் கேமராவில் பார்த்து பிளேடை மேசைக்கடியில் இறக்கும் இயந்திரத்தை ஆல்ட்டன்டார்ஃப் நிறுவனமே விற்கிறது. வாலாஜாபாத் பக்கத்துச் சின்னப் பட்டறைக்கு அவை எட்டாத விலை. கிளாம்ப் எட்டும். அது கையை நிறுத்துவதோ எச்சரிப்பதோ இல்லை. கைக்கு அங்கே வேலையில்லாமல் செய்துவிடுகிறது.

வாங்கிய பின் எங்கே மாட்டுவது என்பதில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஓடும் மேசைமீது இருக்கும் பக்கத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். பிளேடுக்கு மறுபுறம் விழும் துண்டு சுதந்திரமாக இருக்கட்டும், அதையும் பிடித்தால் வெட்டு மூடிக்கொள்ள இடம் கொடுத்ததாகும். கிளாம்ப் அடிக்கு நேர்கீழே மேசை இருக்க வேண்டும். வெறும் காற்றுக்கு மேல் நீட்டிய பலகையை அழுத்தினால் அது வளைந்து மறுமுனை எழும்பும். விளிம்பு ஒழுங்கில்லாத தேக்குப் பலகை, பைன் பலகைகளை நேர்படுத்தும்போது, முன்முனையை மேசையில் பொருத்தும் ஷூவின் பல்லில் சொருகி, பின்முனையைக் கிளாம்பால் பிடிக்கலாம். ஷூ இல்லையென்றால் இரண்டு கிளாம்ப். இயந்திரத்தோடு ஒன்றுதான் வரும்; இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டிக் கழற்ற எவ்வளவு நேரமாகிறது என்று கடையிலேயே, நாளை அதைப் பயன்படுத்தப் போகிற தம்பியையே செய்யச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.